18 முடிஞ்சதும் ஹோமை விட்டு வரணும், இன்ஜினியரிங் படிக்க என்ன வழி?

கரிசல்காற்று:
அண்ணா, அக்கா, வணக்கம். அஞ்சாவது முடித்ததிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில்தான் இருக்கிறேன். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி, இப்போ பிளஸ் டூ. பரீட்சை முடிந்த அடுத்த மாசமே 18 முடியுது. கணக்கு நல்லா வரும், மெக்கானிக்கல் எடுக்க ஆசை. அம்மா இல்லை, அப்பா எங்கேன்னு தெரியாது, ஊரில் ஒரு சித்தி இருக்காங்க, அவங்களே தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் ஓட்டுறாங்க. இல்லத்தில் கேட்டால் "18 ஆனா ஃபைலை முடிச்சிடுவோம், அப்புறம் உன் பாடு" என்கிறார்கள். எனக்கு முன்னாடி போன அண்ணன்கள் பாதிப் பேர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்காங்க. லோன் தவிர ஏதாவது உண்டா?

பழையகோப்பு:
தம்பி, குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் சில வருஷம் இருந்தவன் என்பதால் சொல்றேன், "உன் பாடு" என்று அவங்க சொன்னது சட்டப்படி சரி கிடையாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-ல் 46-வது பிரிவு இதற்காகவே இருக்கு. இல்லத்திலிருந்து வெளியேறுகிறவருக்கு 18 முடிந்ததிலிருந்து 21 வரை பண உதவி தரலாம், பிற்காப்பு என்பார்கள், ஆபீசில் ஆப்டர்கேர் என்றால் உடனே புரியும். மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் அது மாசம் 4,000 ரூபாய். 21-க்கு மேல் சிறப்புக் காரணம் இருந்தால் இன்னும் 2 வருஷம் நீட்டிக்க விதியில் இடம் இருக்கு. உனக்கு நாலு வருஷப் படிப்பு, கடைசி வருஷத்துக்கு அந்த நீட்டிப்பு கண்டிப்பா தேவைப்படும், இப்பவே மனசில் வச்சுக்கோ.

ஆனா அது தானா வராது. இல்லத்துப் பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுக்கிற குழந்தைகள் நலக் குழு உத்தரவு போடணும், அதற்கு உன் பேரில் உள்ள தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில், அதாவது உனக்கு என்ன தேவைன்னு எழுதி வைக்கிற கோப்பில், "உயர்கல்வி தொடர விருப்பம்" என்று எழுதியிருக்கணும். நான் பார்த்த கோப்புகளில் பாதிக்கு மேல் அந்த இடம் காலியாத்தான் கிடக்கும். 18 ஆகுறதுக்கு முன்னாடியே எழுத வை. வெளியே வந்த பிறகு கேட்டால் அலைய விடுவாங்க.

மலைக்கோட்டை:
பீஸைப் பொறுத்தவரை உனக்கு பெரிய கவலை இல்லை தம்பி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால், அந்தப் பிள்ளைகளுக்கென்று இன்ஜினியரிங் சீட்டில் வச்சிருக்கிற 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருவே, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசே கட்டுது. ஒன்று மட்டும் பார், நடுவில் ஒரு வருஷம் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தாலும் அந்த ஒதுக்கீடு போச்சு. அது இல்லாம, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போற பையன்களுக்கு மாநில அரசு தர்ற தமிழ்ப் புதல்வன் உதவி மாசம் 1,000 ரூபாய், 2024 ஆகஸ்டில் தொடங்கினது, பெண் பிள்ளைகளுக்கு புதுமைப் பெண் மாதிரி. வருமானச் சான்று கேட்க மாட்டாங்க, கல்லூரி வழியாத்தான் பதிவு. ஆதார் இணைத்த, உன் பேரில் உள்ள வங்கிக் கணக்கு வேணும்.

செவ்வந்தி:
நானும் ஹோமில் வளர்ந்தவள்தான், இப்போ நர்ஸ். இவங்க சொன்னதெல்லாம் சரி, ஆனா அந்தப் பணமெல்லாம் வர மாசக்கணக்கா ஆகும். சேர்ந்த முதல் வாரத்திலேயே படம் வரையிற டிராஃப்டர், லேப் கோட், மெஸ் அட்வான்ஸ் என்று கேட்பாங்க, அதைக் கையில் வச்சுக்காம போனால் திணறிப் போவே. இன்னொன்னு யாரும் யோசிக்கிறதில்லை, பொங்கல் லீவுக்கும் செமஸ்டர் லீவுக்கும் ஹாஸ்டலைப் பூட்டிடுவாங்க. எல்லாரும் ஊருக்கு பஸ் ஏறும்போது நீ எங்கே போவே? எனக்கு ஒரு லீவு முழுக்க தோழி வீட்டில், அவங்க அம்மா முகம் பார்த்து முகம் பார்த்து சாப்பிட வேண்டியிருந்தது. சித்தி வீட்டில் பத்து நாள் தங்கலாமா என்று இப்பவே பேசி வை. பணம் தர முடியலைன்னாலும் அது பெரிய உதவி.

வங்கிக் கணக்கு இல்லப் பொறுப்பாளர் பேரும் சேர்ந்து இருந்தால் 18 ஆனதும் உன் பேருக்கு மட்டும் மாத்திடு. ஆதாரில் இல்லத்து முகவரிதானே இருக்கும், அதையும் பார்.

ஊர்க்குருவி:
எனக்கென்னவோ டிப்ளமோ போறது நல்லதுன்னு தோணுது. மூணு வருஷம், 21-க்குள் முடியும், வேலை சீக்கிரம் கிடைக்கும்.

பழையகோப்பு:
டிப்ளமோவில் தப்பே இல்லை. ஆனா உதவி 21-ல் நிற்குது என்பதற்காகப் படிப்பைக் குறைக்கச் சொல்றது எனக்கு ஒப்பவில்லை. வீட்டில் வளர்ற பிள்ளைகளை யாரும் 21-ல் வெளியே தள்றதில்லையே.

கரிசல்காற்று:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். எட்டாவது வரைக்கும் ஒரு பள்ளி, அப்புறம் வேற பள்ளி, ரெண்டுமே அரசுப் பள்ளிதான். பராமரிப்புத் திட்டத்தில் எழுத யாரிடம் கேட்கணும்? இல்லத்தில் கேட்டால் கோபப்படுவாங்களோன்னு இருக்கு.

பழையகோப்பு:
மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரா மனு கொடு, அநேகமா கலெக்டர் ஆபீஸ் பக்கம்தான் இருக்கும். கைப்பட ஒரு பக்கம் போதும்: பெயர், இல்லம், 18 முடியும் தேதி, என்ன படிக்கப் போறேன், பிற்காப்பு உதவி வேணும். ரெண்டு நகல் எடு, ஒன்றில் தேதியோட சீல் வாங்கிக்கோ. குழந்தைகள் நலக் குழு அமர்வு நடக்கும் நாளைக் கேட்டு அங்கேயும் ஒன்று கொடு. போக விடலைன்னா குழந்தைகள் உதவி எண் 1098-க்கு கூப்பிடு, உனக்கு இன்னும் 18 ஆகலையே.