பழைய சொகுசு செடானை அன்றாடம் ஓட்டுபவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூன்று ஆண்டுகளாக மெர்சிடிஸ் டபிள்யூ124 ஒன்றில்தான் அலுவலகம் போய்வருகிறேன். 1993ஆம் ஆண்டு வண்டி, ஆறு சிலிண்டர் பெட்ரோல். வாங்கும்போதே மீட்டர் 2,60,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. "இவ்வளவு ஓடியதையா வாங்கினாய்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அதற்கு முன் பார்த்த வண்டி 90,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றது மீட்டர். பளபளக்கும் உடம்பு, மணக்கும் உள்ளறை. ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் ஒரு மூலையில் இரும்பு தெரியும்வரை தேய்ந்திருந்தது. ஓட்டுநர் இருக்கையின் விளிம்பு, ஏறி இறங்கியே நசுங்கிப்போயிருந்தது. பானட்டில் கை வைத்தேன், சூடு. "இப்போதுதான் நகர்த்தி நிறுத்தினேன்" என்றார் விற்பவர். நாளைக் காலை வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் போனால் அப்போதும் பானட் சூடாகவே இருந்தது. ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இன்ஜின் முற்றிலும் ஆறிக் கிடக்கும்போது கிளப்பினால்தான் அதன் வண்டவாளம் தெரியும். வால்வு சீல்கள் இறுகிப்போயிருந்தால், இரவில் கசிந்த ஆயில் எரிந்து ஒரு கொத்து நீலப் புகை வரும். சூடேறிய பிறகு பார்த்தால் ஒன்றுமே தெரியாது. நான் வாங்கிய வண்டியும் லேசாகப் புகைத்தது. உரிமையாளர் அதை மறைக்கவில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். ஆயில் மாற்றிய ஒவ்வொரு தேதியும் கிலோமீட்டர் கணக்கோடு அதில் இருந்தது. ஓரிடத்தில், "இடது முன் பால் ஜாயின்ட், மறுபடியும்!" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார். அந்த எரிச்சலை நம்பித்தான் பணம் கொடுத்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

இன்ஜின் வயரிங் முழுதும் மாற்றப்பட்டிருந்ததும் அந்த நோட்டில் தெரிந்தது. 1990களின் முதற்பாதியில் வந்த பல மெர்சிடிஸ் வண்டிகளில், இன்ஜின் அறைக்குள் ஓடும் வயர்களின் மேலுறை சூட்டில் காய்ந்து பொடியாக உதிரும் என்பது அந்த வண்டிகளை ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டுகளின் வண்டியைப் பார்க்கப் போனால் முதலில் வயரைத் தொட்டுப் பாருங்கள். பெயின்டைப் பிறகு ரசிக்கலாம்.

முதல் ஆண்டு முழுக்க ரப்பருக்கே செலவழிந்தது. ரேடியேட்டர் ஹோஸ்கள், இன்ஜின் மவுன்ட், சஸ்பென்ஷன் புஷ்கள், கதவு பீடிங் என எல்லாமே இறுகியோ வெடித்தோ கிடந்தன. இரும்புக்கு ஓடிய தூரம் கணக்கு, ரப்பருக்குப் பிறந்த தேதி கணக்கு. டயரும் அப்படித்தான். பட்டன்கள் புதிதுபோல் நின்றன. பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்க எண்ணோ 2310. அதாவது 2010ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. நான்கையும் அன்றே கழற்றிப் போட்டேன்.

சந்தோஷமும் உண்டு. முன்கண்ணாடி முழுவதற்கும் ஒரே ஒரு வைப்பர். அது வெறும் அரைவட்டம் அடிக்காது. மூலைக்கு வரும்போது கையை நீட்டித் துடைத்து, நடுவில் சுருக்கிக்கொள்ளும். மழை நாளில் சிக்னலில் நிற்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, பின்னால் நிற்பவரிடம் ஹாரன் வாங்கியிருக்கிறேன்.

●

என்னுடையது லெக்சஸ் எல்எஸ்400. 1989இல் முதன்முதலாக வந்த வரிசை, 4 லிட்டர் வி8 இன்ஜின். சத்தமே இருக்காது. ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யப்போய் அசடு வழிந்த நாள்கள் பல.

ஆனால் இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் விஷயத்தில் யார் சொல்வதையும் நம்பாதீர்கள். "போன வருடம்தான் மாற்றினேன்" என்றார் எனக்கு விற்றவர். பில் இருக்கிறதா என்றால் வீடு மாறும்போது தொலைந்துவிட்டதாம். வாங்கிய வாரத்திலேயே மூடியைக் கழற்றினோம். பெல்ட்டின் முதுகில் இருந்த எழுத்துகள் முழுக்க அழிந்திருந்தன. மடக்கிப் பார்த்தால் பல்லின் அடியில் எல்லாம் மயிரிழை வெடிப்பு. பெல்ட், வாட்டர் பம்ப், டென்ஷனர் மூன்றையும் சேர்த்தே மாற்றினேன். கூலிதான் பெரிய தொகை. ஒரே வேலைக்கு இரண்டு முறை எதற்குப் பிரிக்க வேண்டும்?

இந்த வண்டி வாங்க நினைப்பவர்கள் பவர் ஸ்டீயரிங் பம்பில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆல்டர்னேட்டர் அதற்குக் கீழே இருக்கிறது. சொட்டும் எண்ணெய் நேராக அதன் தலையில்தான் விழும்.

●

நான் பதினோரு மாதத்தில் விற்றுவிட்டவன். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, தப்பு என்னுடையது.

அலுவலகத்திலிருந்து திரும்பும்போது நெரிசலில் கூலன்ட் டேங்க் விரிசல் விட்டது. அது பிளாஸ்டிக், வயது இருபதைத் தாண்டியிருந்தது. பானட் ஓரத்தில் ஆவி, உள்ளே இனிப்பு வாசனை, இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல வலப்பக்கம் சாய்கிறது. வண்டியை அங்கேயே அணைத்திருந்தால் ஒரு டேங்கோடும் ஒரு ஹோஸோடும் போயிருக்கும். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினேன். இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்துவிட்டது, கேஸ்கெட்டும் போனது. உதிரிபாகம் வந்து சேரவே ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன்.

வீட்டில் வேறொரு வண்டி நிற்கிறவர்களுக்குத்தான் இந்த ஆசை பொருந்தும். என்னிடம் இருந்ததே இது ஒன்றுதான். முதலில் எழுதிய நண்பர் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். இவ்வளவு சொன்னாலும், நெடுஞ்சாலையில் அந்த வண்டி போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

●

டீசல்காரன் ஒருவன் குறுக்கிடுகிறேன். எண்பதுகளின் செடான் எனக்கு. ஒருநாள் சாவியைத் திருப்பி வெளியே எடுத்துவிட்டேன், இன்ஜின் நிற்கவில்லை. கையில் சாவி, வண்டி பாட்டுக்கு ஓடுகிறது! பக்கத்தில் நின்றவர் பேய் பிடித்ததுபோல் பார்த்தார். இந்த மாதிரி வண்டியில் இன்ஜினை நிறுத்துவது வெற்றிடக் குழாய்தான், கதவுப் பூட்டுகளை இயக்குவதும் அதே வெற்றிடம்தான். பின் கதவுக்குள் ஒரு சின்ன ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது, அவ்வளவே. பானட்டைத் திறந்து நிறுத்தும் நெம்புகோலைக் கையால் அழுத்தி அணைத்தேன். மெக்கானிக்குக்கே இதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. கதவைக் கழற்றுவோம் என்று யாருக்குத் தோன்றும்?

●

முதலில் எழுதியவன்தான். பதினோரு மாத நண்பர் சொன்னது சரி. என் வீட்டில் இன்னொரு சிறிய கார் உண்டு. ஆண்டுக்கு இருபது நாளாவது அதில்தான் போகிறேன். எழுதும்போது வசதியாக மறந்துவிட்டேன்.

வாங்கும் பணத்தில் எவ்வளவு தனியே வைக்க வேண்டும் என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். கையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு வண்டி பாருங்கள், மீதியை முதல் ஆண்டுக்கு ஒதுக்குங்கள். எனக்கு அந்த மீதி ஒன்பதாம் மாதத்திலேயே தீர்ந்தது. ஏசி குளிரவில்லை என்றால் "கேஸ் அடித்தால் போதும்" என்பார்கள், நம்ப வேண்டாம். டபிள்யூ124இல் குளிர்விக்கும் காயில் போய்விட்டால் டாஷ்போர்டு முழுவதையும் கழற்றித்தான் மாற்ற முடியும்.

இனி என் தேவை. இடது பின் கதவில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கருவி உடைந்துவிட்டது. உடைப்புக்குப் போன வண்டியிலிருந்து கழற்றியது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். வலது கதவுக்கு உரியது சேராது. திருப்பிப் போட்டும் பார்த்துவிட்டேன்.