தோற்ற அணிக்கு ஹைஸ்மன் கோப்பை: 1956 நோட்டர் டேம் ஃபுட்பால் சீசனைப் பார்த்தவர்கள் யாரையாவது சந்தித்திருக்கிறீர்களா?

சவுத் பெண்ட் வாசி:

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். 1956இல் எங்கள் ஊர் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் மாணவர். அமெரிக்க ஃபுட்பாலில் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்ததும் அவருக்கு ஒரே உற்சாகம். பேச ஆள் கிடைத்துவிட்டது!

அந்த வருடம் பத்து ஆட்டத்தில் இரண்டுதான் வெற்றி. 1933க்குப் பிறகு அங்கே வெற்றியைவிடத் தோல்வி அதிகமான சீசனே இருந்ததில்லை. இண்டியானாவை 20-6 என்று ஜெயித்துவிட்டு, அப்புறம் வரிசையாக ஐந்து தோல்வி: பர்டியூ, மிச்சிகன் ஸ்டேட், ஓக்லஹோமா, நேவி, பிட்ஸ்பர்க். பெரியவர் இந்தப் பெயர்களை இறந்துபோன உறவினர்களைச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொல்வார்.

ஓக்லஹோமா ஆட்டம் அக்டோபர் 27, சொந்த மைதானத்தில். 40-0. அவர் கடைசிவரை உட்கார்ந்திருந்தாராம். ஏன் எழுந்து போகவில்லை என்று கேட்டேன். “நம் ஆட்கள் களத்தில்தானே நின்றுகொண்டிருந்தார்கள்” என்றார்.

இவ்வளவு தோற்ற அணியின் க்வார்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிகிறவர், பால் ஹார்னங்குக்குத்தான் அந்த வருடம் ஹைஸ்மன் கோப்பை, அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருது. தோல்விகள் அதிகமான அணியிலிருந்து அதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். பாஸ் (பந்தை எறிவது), ஓட்டம், புள்ளிகள், பன்ட் (பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துக் கொடுப்பது), கிக்ஆஃப் ரிட்டர்ன் (எதிரணி உதைத்த தொடக்கப் பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடுவது) என்று எதை எடுத்தாலும் அணியில் அவர்தான் முதலிடம். அப்போதைய விதிப்படி ஆட்டக்காரர்களை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. தாக்குதலில் ஆடியவரே தடுப்பிலும் நிற்க வேண்டும். அதனால் எதிரணி ஓடும்போது விழுத்தாட்டுகிற வேலையும் அவர் தலையில்தான். கடைசி ஆட்டத்தில், லாஸ் ஏஞ்சலஸில், கட்டைவிரல்களில் அடிபட்டிருந்த நிலையிலும் கிக்ஆஃப் பந்தைப் பிடித்து 95 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார், அதாவது எதிரணியின் எல்லைக்கோடு வரை பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுத்தார். அதிலும் 28-20 என்று தோல்விதான்.

கோப்பையைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் பெரியவருக்குப் பிடிக்காது. “அணியில் மற்றவர்கள் பெயர் ஒன்றாவது உனக்குத் தெரியுமா?” என்பார். தெரியாது.

நாக்ஸ்வில்காரர்:

சார், இந்தக் கதையை எங்கள் டென்னசியில் சொல்லிவிட்டு முழுசாக வீடு போய்ச் சேர முடியாது. என்னோடு வேலை பார்த்த ஒருவர், வயதில் மூத்தவர். அவர் அப்பா அந்த நாளில் டென்னசி ஆட்டங்களுக்குத் தவறாமல் போனவர். மகனுக்குச் சொத்தோடு கோபத்தையும் எழுதிவைத்துவிட்டார்.

சீசனின் வழக்கமான ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத அணி டென்னசி, பத்து வெற்றி, தோல்வியே இல்லை, 10-0. அதன் ஆட்டக்காரர் ஜானி மேஜர்ஸுக்கு இரண்டாம் இடம். விருதுக்கான ஓட்டுக் கணக்கில் ஹார்னங் 1,066 புள்ளி, மேஜர்ஸ் 994. இதில் வேடிக்கை, முதல் இடத்துக்கான ஓட்டுகள் அதிகம் விழுந்தது இருவருக்குமே இல்லை, மூன்றாவதாக வந்த ஓக்லஹோமாவின் டாமி மெக்டொனால்டுக்கு. ஹார்னங் அந்த வருடம் எறிந்த டச்டவுன் பாஸ் 3, எதிராளி கையில் போய் விழுந்தது 13. நண்பர் இந்த இரண்டு எண்ணையும் மனப்பாடமாக வைத்திருப்பார். பெரிய பெயருள்ள கல்லூரி என்பதால்தான் விருது என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

சிரக்யூஸ் மாணவர்:

எங்கள் சிரக்யூஸ் அணியின் கறுப்பின ஆட்டக்காரர் ஜிம் பிரௌன் அந்த ஓட்டு வரிசையில் ஐந்தாவது. இதைச் சொன்னது நான் பகுதி நேர வேலை பார்த்த கடைக்கு வரும் ஒரு கறுப்பினத் தாத்தா. காசோலை எழுதிக்கொண்டே சொன்னார், குரலில் கோபம்கூட இல்லை. கறுப்பினத்தவர் ஒருவர் கைக்கு ஹைஸ்மன் வந்தது 1961இல்தான். எர்னி டேவிஸ், அவரும் சிரக்யூஸ். மேஜர்ஸா ஹார்னங்கா என்று நீங்கள் அடித்துக்கொள்வதைப் படித்தால் அந்தத் தாத்தா சிரித்திருப்பார்.

சவுத் பெண்ட் வாசி:

சரி, அந்தத் தாத்தா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் பெரியவரும் ஜிம் பிரௌன் பெயரை எடுத்ததாக ஞாபகமில்லை.

நாக்ஸ்வில்காரருக்கு மட்டும் ஒன்று. 13 சரிதான். ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் பின்தங்கி நிற்கும் அணி துரத்திப் பிடிக்க எறிந்துதானே ஆக வேண்டும்? 10-0 அணிக்கு அந்த அவசரம் எங்கே?

விட்டுப்போன ஒன்றும் உண்டு. கோச் டெர்ரி பிரென்னன். 1954இல் பொறுப்பேற்றபோது வயது 25. 2-8க்குப் பிறகும் அவரை வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் ஓக்லஹோமாவின் சொந்த மைதானத்துக்கே போய் 7-0 என்று ஜெயித்தார்கள். தொடர்ந்து 47 ஆட்டம் ஜெயித்திருந்த ஓக்லஹோமாவின் சாதனை அன்றோடு முடிந்தது. பெரியவர் அதை வானொலியில் கேட்டவர், அந்தக் கதையை மட்டும் நிற்காமல் சொல்வார். அதற்கடுத்த 1958இல் 6-4, அதாவது தோல்வியைவிட வெற்றியே அதிகம். கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில் பிரென்னனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இந்தக் கணக்கு யாருக்காவது புரிந்தால் சொல்லுங்கள்.