பழைய சட்டம், தீர்ப்புக் கட்டு, அவை விவாதம்: தேடிப் போனவர்கள் சொல்லுங்கள்

கரையான்:
இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த பெண்கள் சொத்துரிமைத் திருத்தம் தெரியும்தானே? சட்டம் தொடங்கிய நாளில் திருமணமாகாத மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு. அத்தையின் திருமணம் 1989 ஆவணியில். 1996-இல் அப்பாவும் பெரியப்பாவும் அவரை விட்டுவிட்டுப் பாகப்பிரிவினையைப் பதிவு செய்துகொண்டார்கள். வக்கீல், "இது 1990-ஆம் ஆண்டின் 1-ஆவது சட்டம், உங்களுக்கு முந்தைய வருடமே கல்யாணம் முடிந்துவிட்டது" என்றார். திரும்பி வந்துவிட்டோம். பல வருடம் கழித்து, வேறு எதற்கோ கன்னிமாரா நூலகத்துக்குப் போனபோது அந்தச் சட்டத்தைப் புரட்டினேன். முதல் பிரிவிலேயே இருக்கிறது: 25.3.1989 அன்றே நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்படும்!

அன்றிரவே டிரங்குப் பெட்டியைத் திறந்து அழைப்பிதழை எடுத்தோம். மூலையில் தடவிய மஞ்சள் அப்படியே இருந்தது. நான் தேதியைக் காட்டுகிறேன். அத்தை, "அப்பா பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டான் பார், அச்சுக்காரன்" என்கிறார். வழக்குப் பேச்சையே எடுக்க விடவில்லை.

நெடுவழக்கன்:
இதற்கு ஏன் இவ்வளவு வருத்தம்? அதே சட்டத்தில் 2005-இல் மத்திய அரசு செய்த திருத்தத்துக்குப் பிறகு மகளுக்குத் திருமணமானதா என்ற கேள்வியே இல்லை. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கரையான்:
பதிவான பத்திரம் ஐயா, 1996. 20.12.2004-க்கு முன் நடந்த பாகப்பிரிவினையை 2005 திருத்தம் தொடாது. எங்களுக்கு இருந்த ஒரே வழி மாநிலச் சட்டம்தான்.

தென்னார்க்காட்டான்:
தாத்தா போட்ட அசல் வழக்கு, 1974. நகல் மனு கொடுத்து மூன்று வாரம் நடந்தேன். பதிவறை ஊழியர் பேரேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். எங்கள் எண்ணுக்கு நேரே சிவப்பு மையில் "அழிக்கப்பட்டது"; கீழே ஒரு சுருக்கொப்பம். அவ்வளவுதான் என் கதை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். எதிர்த்தரப்பின் வாரிசுகளிடம் கேளுங்கள். தோற்றவர்கள்தான் தீர்ப்பு நகலைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். வில்லங்கச் சான்றைப் பின்னோக்கிப் போடுங்கள். வழக்குக்குப் பின் எழுதிய பத்திரங்களில் வழக்கு எண் கிடைக்கலாம். மாவட்டம் பிரிந்ததையும் பாருங்கள். தென்னார்க்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று இரண்டானது; வழக்குக் கட்டு எந்த ஊரில் என்று தெரியாமல் நான் இரண்டு ஊருக்கும் அலைந்தேன். 1969-க்கு முந்தைய சட்டமானால் "மதராஸ்" என்ற தலைப்பிலும் தேடுங்கள். "தமிழ்நாடு" என்று மாற்றியது அந்த வருடம்தான். இ-கோர்ட்ஸ் என்ற நீதிமன்றங்களின் இணையதளத்தில், ஒவ்வொரு வழக்குக்கும் தரும் 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர். எண் இல்லாவிட்டாலும் கட்சிக்காரர் பெயரைக் கொண்டு தேடலாம். ஆனால் நாம் தேடும் பழைய கட்டுகளை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

மடிப்பு:
1967 சுயமரியாதைத் திருமணச் சட்ட விவாதத்தைத் தேடிப் போனேன். நூலகர், "எந்த அவை?" என்றார். விழித்தேன். 1986 வரை மேலவையும் இருந்ததே! பேரவைத் தொகுதி பலர் புரட்டிக் கசங்கியிருந்தது. மேலவைத் தொகுதியிலோ தாள்களின் ஓரம் அச்சகத்தில் மடித்த மடிப்பிலேயே ஒட்டியிருந்தது. நூலகர் அடிக்கோலை எடுத்து வந்து, ஒவ்வொரு பக்கமாகக் கிழித்துப் பிரித்துக் கொடுத்தார்.