40 மீட்டர் லூப்: 20-இல் உடனே டியூன் ஆகிறது, 40-இல் அடம் பிடிக்கிறது

வாலிநோக்கம் தம்பி:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். வாலிநோக்கத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி வாகாக நாலு பனை நிற்கிறது. அதில் ஹாம் ரேடியோவுக்காக (அமெச்சூர் வானொலி) கிடைமட்டமாக ஒரு லூப், அதாவது வளையமான கம்பி ஆன்டெனா, கட்டியிருக்கிறேன். சுற்றளவு 43 மீட்டர், உயரம் 25 அடி இருக்கும். ஆன்டெனாவிலிருந்து வீட்டுக்கு வரும் இரட்டைக் கம்பி லைன் நானே செய்தது. 2 மி.மீ. செம்புக் கம்பி இரண்டு, இடைவெளி 75 மி.மீ., ஸ்பேசருக்கு வயரிங் பைப்பை அறுத்துப் போட்டேன். லூப் மூலையிலிருந்து ஜன்னல் வரை 33 அடி. ஜன்னலில் 4:1 பாலன் (இரட்டைக் கம்பியைக் கோஆக்ஸோடு சேர்த்து, ஓமை நாலில் ஒன்றாக்குவது), அங்கிருந்து ரிக்குக்கு (ரேடியோ பெட்டி) குட்டையாக ஒரு கோஆக்ஸ் (டிவி கேபிள் மாதிரி வயர்). ஆன்டெனாவை ரிக்கின் 50 ஓமுக்குப் பொருத்தும் டியூனர் ரிக்குக்குள் இருப்பதுதான்.

20 மீட்டர் அலைவரிசையில் (14 மெகாஹெர்ட்ஸ்) டியூனருக்கு வேலையே இல்லை. 40-க்கு (7 மெகாஹெர்ட்ஸ்) வந்தால் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. 40-க்காகத்தானே ஒரு முழு அலை நீளம் என்று 43 மீட்டர் வெட்டினேன்! ரெஸ்ட்ரிக்டட் கிரேடு லைசன்ஸ், அதனால் 50 வாட்டுக்கு மேல் போவதில்லை. அப்படியும் 40-இல் பேசினால் மைக் உதட்டில் சுர்ரென்று கடிக்கிறது. பனி இறங்கிய பிறகு எஸ்.டபிள்யு.ஆர். (ஆன்டெனா ரிக்கோடு எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் அளவு) வேறு ஆடுகிறது. லூப்பை நீட்டவா, குறைக்கவா?

ராம்நாடு கேபிள்:

இரட்டைக் கம்பி எல்லாம் எதற்கு தம்பி? கேபிள் டிவிக்காரர் போடும் 75 ஓம் வயரில் கால் அலை நீளம் வெட்டி லூப்பில் மாட்டு, அதற்குப் பிறகு 50 ஓம் கோஆக்ஸ். லூப் 100 ஓம் பக்கம் இருந்தால் 75-ஐ 75-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்துப் பார், 56 வரும், 50-க்குப் பக்கம்தான். டியூனரே வேண்டாம். உள்ளே கெட்டிப் பிளாஸ்டிக் உள்ள வயர் என்றால் 7 மீட்டர், நுரை வயர் என்றால் எட்டரைக்கு மேல் வரும். சுவரோரம் ஆணி அடித்துக் கொண்டுபோகலாம், தகரத்தில் பட்டாலும் கவலையில்லை.

தங்கச்சிமடம் பழைய ரேடியோ:

கேபிள்காரர் கணக்கு சரிதான், ஆனால் அது 40-க்கு மட்டும். தம்பிக்கு 20-உம் வேண்டுமே.

தம்பி, லூப்பில் கை வைக்காதே. கோளாறு அந்த 33 அடியில் இருக்கிறது. 2 மி.மீ. கம்பிக்கு 75 மி.மீ. இடைவெளி என்றால் லைன் சுமார் 520 ஓம். 33 அடி என்பது 10 மீட்டர், 7.1 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய கால் அலை. கால் அலை லைன் எதையும் தலைகீழாகப் புரட்டிவிடும். மேலே 100 ஓம் என்றால் ஜன்னலில் 2,700 ஓம். பாலன் அதை நாலால் வகுத்தால் 675, ரிக் கேட்பதோ 50. ரிக்குக்குள் இருக்கும் டியூனர்கள் பெரும்பாலும் 3:1 வரைதான் தாங்கும், இதுவோ 13:1. பாவம், அது என்ன செய்யும்?

20-க்குப் போனால் அதே 10 மீட்டர் அரை அலை ஆகிவிடுகிறது. அரை அலை லைன் மேலே உள்ளதை அப்படியே கீழே காட்டும். அங்கே லூப் 200 ஓம் பக்கம் இருக்கும், நாலால் வகுத்தால் 50. அதனால்தான் 20-இல் ராஜபோகம்.

மைக் கடிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். அவ்வளவு உயர்ந்த ஓம் வரும் இடத்தில் பாலன் திணறும், ஆர்.எஃப். (ரேடியோ அலை மின்சாரம்) கோஆக்ஸின் வெளிப்புறத்தில் ஏறி வீட்டுக்குள் வந்துவிடும்.

லைனை 67 அடி ஆக்கு. 40-இல் அது அரை அலை, 100 ஓம் அப்படியே இறங்கும், பாலன் தாண்டி 25. எஸ்.டபிள்யு.ஆர். 2, உன் டியூனர் சிரித்துக்கொண்டே முடித்துவிடும். 20-இல் முழு அலை, அங்கேயும் பழைய 200 ஓம்தான். ஒரேயடியாக அளந்து வெட்டிவிடாதே, 69 அடி போட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வா.

வாலிநோக்கம் தம்பி:

அண்ணே, இப்போதான் புரிகிறது! ஆனால் மீதி 34 அடியை எங்கே வைப்பது? சுருட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிடலாமா? பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது, லைன் இப்போதே அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் போகிறது.

தங்கச்சிமடம் பழைய ரேடியோ:

சுருட்டவே கூடாது. கோஆக்ஸைச் சுருட்டலாம், இதைச் சுருட்டினால் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டு எல்லாக் கணக்கும் கெட்டுவிடும். கொல்லையில் இரண்டு மூங்கில் நட்டு, போய்த் திரும்பி வருகிற மாதிரி கட்டு. போகிற லைனுக்கும் வருகிற லைனுக்கும் நடுவே இரண்டடி விடு. தகரத்திலிருந்து ஒரு சாண் போதாது, ஓர் அடியாவது வேண்டும். ஒரு கம்பி மட்டும் தகரத்துக்குக் கிட்டே போனால் சமநிலை போச்சு. சில அடிக்கு ஒரு முறுக்கு கொடுத்துவிடு, ஆடி மாதக் கச்சான் காற்றில் படபடவென்று அடிக்காமலும் இருக்கும்.

அப்புறம் உப்பு. ஒரு ஸ்பேசரைக் கழற்றி நகத்தால் சுரண்டிப் பார், வெள்ளையாக வரும். காய்ந்திருக்கும்வரை சும்மா இருக்கும், பனி பட்டதும் மின்சாரம் கசியும். உன் எஸ்.டபிள்யு.ஆர். ராத்திரியில் ஆடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பைப் துண்டு வேறு உள்ளே தண்ணீரைப் பிடித்து வைக்கும். கெட்டியான பிளாஸ்டிக் குச்சி போடு, எண்ணிக்கையைக் குறை, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டுத் துடை. லூப் மூலைகளை இழுத்துக் கட்டத் தங்கூசியே (மீன்பிடி நைலான் நரம்பு) போதும்.

வெறும் செம்பு நம் கடற்கரையில் சீக்கிரம் பச்சை பிடிக்கும். அடுத்த முறை மோட்டார் வைண்டிங் கடையில் 14 கேஜ் எனாமல் கம்பி வாங்கு. இணைப்பில் மட்டும் எனாமலைச் சுரண்டி, பற்றவைத்து, மேலே சிலிக்கான் பூசிவிடு.

ராம்நாடு கேபிள்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஜன்னலுக்கு வெளியே ஒரு டபுள் போல் நைஃப் சுவிட்ச் வை. இடி இடிக்கும்போது இரண்டு கம்பியையும் எர்த் பக்கம் தள்ளிவிடலாம். ஒரு கம்பியை மட்டும் கழற்றிவிட்டுத் தூங்காதே.