எருக்கம்பூவில் மகரந்தப் பொடி ஏன் ஒட்டுவதில்லை?

கேள்வி:
எருக்கம்பூவின் நடுவில் ஐந்து முனையுள்ள மேடையைத் தடவினால் விரலில் பொடியே ஒட்டுவதில்லை. முனையிலுள்ள கரும்புள்ளியை ஊசியால் கிளப்பினால் இரண்டு மஞ்சள் தகடுகள் தொங்கிக்கொண்டு வருகின்றன. இதுதான் மகரந்தமா? பூச்சி இதை எப்படி எடுத்துப் போகிறது?

பதில் 1:
அதேதான். தகடு ஒவ்வொன்றும் ஒரு பொலினியம். மகரந்தத் தூள் மொத்தமும் மெழுகாய் இறுகிய கட்டி. கரும்புள்ளிதான் கவ்வி, அதற்கு இருபுறமும் காம்பு. ஒரு பூவில் ஐந்து ஜோடி. ஜோடியிலுள்ள இரண்டு தகடும் ஒரே மகரந்தப்பையில் விளைந்தவை என்று நினைக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்துப் பைகள் இரண்டிலிருந்து பைக்கு ஒன்று. கவ்வி உட்கார்ந்திருப்பது அவற்றின் நடுவில்.

கவ்வியை லென்ஸில் பாருங்கள், நெடுக ஒரு கீறல் தெரியும். அதற்கு நேர்கீழே பூவின் பக்கவாட்டில் ஒரு பிளவு. தேனுக்கு வரும் தச்சுத் தேனீயின் காலோ வாயுறுப்போ பிளவில் நுழைந்துவிட்டால் மேல்நோக்கித்தான் வழி. இழுக்கிற இழுப்பில் கீறலில் மாட்டும், ஜோடி கழன்று வரும். இந்தக் குடும்பப் பூக்களில் பலமில்லாத பூச்சிகள் சிக்கிச் சாவதும் உண்டு. நீங்களும் ஊசியைக் கீழிருந்து மேலே இழுங்கள். பக்கவாட்டில் நெம்பினால் காம்பு அறுந்துபோகும்.

கேட்டவர்:
எடுத்ததை இன்னொரு பூவின் மேடையில் தேய்த்தால் காய் பிடிக்குமா?

பதில் 2:
பிடிக்காது. மகரந்தத்தை ஏற்கும் இடம் மேடையின் தலையில் இல்லை, அதே பிளவுக்குள்தான். தகடு அதற்குள் முழுசாகச் சொருக வேண்டும். எருக்கின் உறவான மில்க்வீட் செடிகளில் மகரந்தக்குழாய் தகட்டின் புடைத்த விளிம்பில்தான் கிளம்புகிறது. அந்த விளிம்பு உள்ளே பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் வேலை வீண்.

பதில் 3:
ஆர்க்கிட்டிலும் பொட்டலம்தான், ஆனால் கவ்விக்குப் பதில் பசைத்தட்டு. ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட்டில் பல்குத்தியால் மகரந்தக் கட்டியின் மூடியைத் தள்ளினால் இரண்டு கட்டியும் தட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட்டில் தட்டு கிடையாது. முதலில் பல்குத்தியை மகரந்தத்தை ஏற்கும் குழியின் பசையில் தொட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கட்டி கீழே விழுந்துவிடும். குழி பூவின் நடுவிலுள்ள தூணின் கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது.

ஆர்க்கிஸ் மாஸ்குலா என்ற ஆர்க்கிட்டில் இன்னொரு வேடிக்கை: பூச்சியின் மேல் நிமிர்ந்து நிற்கும் கட்டி அரை நிமிடத்தில் 90 பாகை முன்னால் சாய்ந்துவிடும். டார்வின் 1862இல் எழுதியது. சாய்ந்தால்தான் அடுத்த பூவின் குழியில் படும். கூர்மையான பென்சிலைப் பூவுக்குள் விட்டு எடுத்தால் கண்ணெதிரே பார்க்கலாம்.