வீட்டுக் குழு: தொட்டித் தண்ணீரில் 0.41

சனிக்கிழமை

நான், காலை 6.41
[படம்]
பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக் கல் முழுவதும் இரண்டு கிழமைக்குள் பச்சைப் பாசி மயிர் போல முளைத்துவிட்டது. தோல் பவளம் மூன்று நாளாக விரியவில்லை. பாசிக்கு உரமாகும் பொஸ்பேற்று தண்ணீரில் எவ்வளவு என்று நேற்றிரவு பார்த்தேன், 0.41. சின்னம்மா, எழும்பிவிட்டீர்களா?

அம்மா, 6.44
நானும் கவனித்தேன் ராசா. குடை மாதிரி நிற்பது சுருங்கிப்போய் இருக்கிறது.

சின்னம்மா பரந்தன், 6.52
எழும்பிவிட்டேன். 0.41 என்பது லீற்றருக்கு மில்லிகிராம்தானே? எத்தனை முறை பார்த்தாய்?

நான், 6.53
ஆம், ஹன்னா 774 மீற்றரில். ஒருமுறைதான்.

மச்சான் முல்லைத்தீவு, 6.58
என்னுடைய மீற்றர் நேற்று 40 என்று காட்டியது! அப்படியென்றால் என் தொட்டியின் கதி என்ன?

சின்னம்மா பரந்தன், 7.05
பயப்படாதீர்கள் தம்பி. உங்களுடையது பொஸ்பரசை மட்டும், அதுவும் நூறு கோடியில் எத்தனை பங்கு என்று காட்டுகிற மீற்றர். பொஸ்பரசின் நிறை 31. நான்கு ஒட்சிசன் சேர்ந்த பொஸ்பேற்று 95. அதனால் 40ஐ 3.066ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 0.12 வரும். கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

மச்சான் முல்லைத்தீவு, 7.06
இரவு முழுவதும் நித்திரை இல்லை சின்னம்மா. நன்றி.

நான், 7.11
பட்டணத்துக் கடையில் விசாரித்தேன். லந்தனம் குளோரைட்டு ஒரு போத்தல் தந்தார்கள். முழுவதையும் ஊற்றினால் விடிவதற்குள் பூச்சியமாகிவிடும் என்றார்கள்.

சின்னம்மா பரந்தன், 7.12
ஊற்றாதே!

சின்னம்மா பரந்தன், 7.19
லந்தனம் பொஸ்பேற்றைப் பிடித்து வெள்ளைத் தூளாக்கும், அது உண்மை. அந்தத் தூளை நுண்ணிய வடியில் மறித்து எடுக்காவிட்டால் மீனின் பூவில், அதுதான் செவுளில், போய் அடையும். வாலடியில் கத்தி போன்ற முள்ளுள்ள கடல்மீன்கள் அதில் செத்திருக்கின்றன. மீன் தப்பினாலும் பவளம் ஒரே இரவில் அவ்வளவு இறக்கத்தைத் தாங்காது. பூச்சியம் நமக்கு வேண்டவே வேண்டாம். பவளமும் உயிர்தானே, அதற்கும் பொஸ்பரசு தேவை. அடியோடு இல்லாமல் போனால் நிறம் வெளிறும், குமிழி குமிழியாகக் கபில நிறச் சளி கல்லில் படரும். அது வந்தால் பாசியை விடப் பெரிய தொல்லை. 0.03க்கும் 0.1க்கும் இடையில் நின்றால் போதும்.

முதலில் இலக்கத்தைச் சரி பார். மீற்றரின் குப்பியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாயா?

நான், 7.21
குசினியில் பாத்திரம் கழுவும் திரவம்தான்.

சின்னம்மா பரந்தன், 7.30
இனிமேல் வேண்டாம். சில சவர்க்காரங்களிலேயே பொஸ்பேற்று இருக்கிறது. ஆர்ஓ தண்ணீரில், அதுதான் உப்பு நீக்கி வடித்த தண்ணீரில், அலசு, பிறகு தொட்டித் தண்ணீராலேயே இரண்டு முறை அலசி ஊற்று. 10 மில்லிலீற்றர் எடு. வெளிப்பக்கத்தைப் பஞ்சுத் துணியால் துடைத்துவிட்டு மூடியில் மட்டும் பிடி. தூள் போடாமல் மீற்றரில் பூச்சியம் வைத்த அதே குப்பியில்தான் சோதனைத் தூளைப் போட வேண்டும். பைக்கற்றைச் சுண்டிச் சுண்டி மூலையில் ஒட்டியிருக்கும் தூளையும் விழுத்து. இரண்டு நிமிடம் மெதுவாக ஆட்டு, குலுக்காதே. பிறகு மீற்றர் மூன்று நிமிடம் எண்ணும்.

அந்தத் தூளில் இருப்பது மொலிப்டேற்றும் அசுகோபிக் அமிலமும். பொஸ்பேற்றோடு சேர்ந்தால் நீலம் வரும். நம் கண்ணுக்குத் தெரியாத நீலத்தையும் மீற்றர் அளந்துவிடும். ஆனால் விரல் அடையாளமோ ஒரு குமிழியோ வெளிச்சத்தை மறித்தால் அதையும் நீலம் என்றே எண்ணிவிடும்.

நான், 8.14
[படம்]
சின்னம்மா, இரண்டு முறை பார்த்தேன். 0.33, 0.31. கடைசி முறை குப்பியின் உட்சுவரில் கடுகை விடச் சின்னக் குமிழி ஒன்று ஒட்டியிருந்தது. விரலால் ஒரு தட்டுத் தட்டினேன், எழும்பிப் போய்விட்டது. வெள்ளைக் கடதாசியின் முன்னால் பிடித்தால் நீலம் தெரிகிறது, நீலம் போட்டுத் துவைத்த சட்டையைக் கடைசியாக அலசிய தண்ணீர் போல.

சின்னம்மா பரந்தன், 8.17
இரண்டும் ஒன்றுதான். மீற்றரின் பிழையே கூட்டியோ குறைத்தோ 0.02, அதோடு வாசிப்பின் நூற்றுக்கு 5. இனி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். என்ன தண்ணீர் விடுகிறாய்?

நான், 8.20
சந்தியிலுள்ள ஆர்ஓ தண்ணீர்தான், உப்பு கலந்து. ஆவியாகிக் குறைவதற்கு மட்டும் சில நாள் கிணற்றுத் தண்ணீர் விட்டிருக்கிறேன்.

சின்னம்மா பரந்தன், 8.22
கிணற்றுத் தண்ணீரை இன்றோடு நிறுத்து. வயல் ஓரக் கிணறு. தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், அதில் வந்த மற்றதெல்லாம் தொட்டியிலேயே தங்கும். சாப்பாடு?

நான், 8.24
காலையில் ஒருமுறை, ஐஸ் இறால்.

அம்மா, 8.31
மகன், நீ வேலைக்குப் போன பிறகு நானும் மத்தியானம் கொஞ்சம் போடுகிறேன். கண்ணாடியில் வந்து வாயைத் திறந்து திறந்து நிற்கும்போது மனம் கேட்கவில்லை.

நான், 8.32
இறால் உருகிய தண்ணீரையும் சேர்த்தா அம்மா?

அம்மா, 8.33
அதோடுதான். சத்து வீணாகக் கூடாது என்று.

சின்னம்மா பரந்தன், 8.40
அக்கா, நீங்கள் போடுங்கள், நிறுத்த வேண்டாம். இறாலைச் சின்ன வடியில் வைத்து உருக விட்டு, அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றுங்கள். ஒரு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவு போதும். மிச்சம் கல்லிடுக்கில் அழுகிப் பொஸ்பேற்றாகத்தான் திரும்பி வருகிறது.

மாமா, 9.26
வயலிலிருந்து இப்போதுதான் வந்தேன். வாசித்தேன். நாங்கள் நெல்லுக்குக் காசு கொடுத்துப் போடுவதை நீங்கள் அங்கே அள்ளி வெளியில் எறிகிறீர்கள். எப்பாவலையில் கிண்டி எடுக்கும் கல்லும் இதே பொஸ்பேற்றுத்தானே?

சின்னம்மா பரந்தன், 9.29
அதேதான் அண்ணா. உங்கள் ரீ.எஸ்.பி. பசளையும் அதுதான்.

மாமா, 9.37
எங்கள் மேட்டுக்காணிச் செம்மண்ணுக்கு ரீ.எஸ்.பி. போட்டால் மண்ணே பாதியைப் பிடித்துக்கொள்ளும். பயிருக்குக் கிடைக்காது. அதற்காகவே வேரடியில் வைக்கச் சொல்வார்கள். அந்த மண்ணைத் தொட்டியில் போட முடியாதா?

சின்னம்மா பரந்தன், 9.45
அண்ணா, சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள்! செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஒட்சைட்டு. பொஸ்பேற்றைப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. மண்ணைப் போட்டால் கலங்கிவிடும். ஆனால் அதே இரும்பு ஒட்சைட்டைக் கறள் நிற மணிகளாக்கி விற்கிறார்கள். தம்பி, அதை வாங்கு. பைக்கற்றில் சொன்ன அளவில் கால்வாசி போதும். கபிலத் தண்ணீர் தெளியும்வரை ஆர்ஓவில் அலசி, பையில் கட்டித் தண்ணீர் ஓடும் இடத்தில் வை. நான்கு நாளுக்கொரு முறை பொஸ்பேற்றுப் பார், காரத்தன்மையையும் பார். இந்த மணி அதையும் கொஞ்சம் இழுக்கும்.

நான், 9.48
தண்ணீர் மாற்றினால் குறையாதா?

சின்னம்மா பரந்தன், 9.53
பத்தில் ஒரு பங்கு மாற்றினால் 0.32 என்பது 0.29 ஆகும். அதற்குள் கல் திருப்பிக் கொடுத்துவிடும். சுண்ணாம்புக் கல் இவ்வளவு நாளும் பொஸ்பேற்றைக் குடித்து வைத்திருக்கிறது. தண்ணீரில் குறையக் குறைய அது கக்கும். முளைத்த பாசியைக் கையால் பிடுங்கி வெளியே போடு, அதற்குள் இருப்பதாவது போகட்டும்.

மாமா, 9.55
வைக்கோலை வயலிலிருந்து ஏற்றிக்கொண்டு போனால் மண் இளைப்பது போல.

சின்னம்மா பரந்தன், 9.56
அதேதான் அண்ணா.

புதன்கிழமை

நான், இரவு 8.10
0.24. காரத்தன்மை அசையவில்லை. பாசி ஒரு கோப்பை நிறையப் பிடுங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை

நான், காலை 7.02
0.19.

வியாழக்கிழமை

நான், இரவு 8.25
0.23. ஏறிவிட்டது சின்னம்மா. கிணற்றுத் தண்ணீர் ஒரு துளி விடவில்லை. அம்மாவும் வடியில்தான் உருக்குகிறார்.

சின்னம்மா பரந்தன், 8.31
கல் கொடுக்கிறது. மணி நிரம்பியிருக்கும். பழையதை எடுத்துவிட்டு அதே கால்வாசி புதிதாக வை. அளவைக் கூட்டாதே.

நான், 8.32
சரி. கடைக்காரர் தந்த போத்தல் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. கை அதை நோக்கித்தான் போகிறது.

சின்னம்மா பரந்தன், 8.33
நாளைக்குக் கொண்டுவந்து என்னிடம் தா.

மூன்று கிழமைக்குப் பின், ஞாயிற்றுக்கிழமை

அம்மா, காலை 10.48
[படம்]
விரிந்துவிட்டது! முழுவதும்! ஓரத்தில் சின்னச் சின்ன விரல்கள் எல்லாம் ஆடுகின்றன. இவன் நித்திரை, நான்தான் முதலில் பார்த்தேன்.

நான், 11.15
அம்மா எழுப்பிவிட்டார். இப்போதுதான் அளந்தேன், 0.09. திரும்பவும் அளந்தேன், 0.10.

சின்னம்மா பரந்தன், 11.17
அங்கேயே நிற்கட்டும். இனிமேல் மணியை எடுத்துவிட்டு இரண்டு கிழமை பார்.

மாமா, 11.40
தங்கச்சி, என் கிணற்றுத் தண்ணீரையும் அந்த மீற்றரில் ஒருமுறை பார்க்க முடியுமா? பசளை போட்டு ஒரு கிழமையாகிறது.

சின்னம்மா பரந்தன், 11.44
பார்ப்போம் அண்ணா. அது கடல்நீருக்கான மீற்றர். கிணற்று நீரில் வருவதை ஒரு மட்டாகத்தான் எடுக்க வேண்டும். சோடாப் போத்தல் ஒன்றை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று முறை அலசி, வாய்வரை நிரப்பித் தாருங்கள். சவர்க்காரம் வேண்டாம்.

மாமா, 11.45
பின்னேரம் கொண்டுவருகிறேன்.