சிங்கப்பூர் மருத்துவமனைகளில் கட்டில் எத்தனை வேண்டும் என்று யார் கணக்குப் போடுவது?

தெம்பனிஸ் குமரன்: போன மாதம் அம்மாவுக்கு நிமோனியா. வார்டில் இடமில்லை என்று அவசரப் பிரிவில் தள்ளுகட்டிலிலேயே 19 மணி நேரம் கிடந்தார். எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்று பாருங்கள். சாங்கி பொது மருத்துவமனை 1997-இல் வந்தது. அடுத்த பெரிய பொது மருத்துவமனை ஈசூனில் 2010-இல்தான். 2000-இல் 4 மில்லியனாக இருந்த மக்கள்தொகை அதற்குள் 5 மில்லியனைத் தாண்டிவிட்டது. கணக்குப் போட்டது சுகாதார அமைச்சு, காத்துக் கிடந்தது அம்மா.

வார்டு ராணி: அம்மா இப்போது எப்படி இருக்கிறார் தம்பி? நான் தாதி, அதனால் கேட்கிறேன்: அமைச்சு ஒதுங்கிக்கொண்டால் யார் கட்டுவார்கள்? தனியார் கட்டினால் சி வகுப்பு வார்டு, அதாவது ஆகக் குறைந்த கட்டண வார்டு, வைப்பார்களா? அங்கே 80 விழுக்காடு வரை மானியம்.

பழைய கணக்கர்: மானியம் வேறு, எண்ணிக்கையைப் பூட்டி வைப்பது வேறு அம்மா. சுகாதாரச் செலவு பற்றி அரசாங்கம் வெளியிட்ட 1993 வெள்ளை அறிக்கையின் வாதமே இதுதான்: டாக்டர்கள் பெருகினால் தேவையில்லாத சிகிச்சையும் பெருகும், ஆகவே டாக்டர்களையும் கட்டில்களையும் அரசாங்கம் அளந்து விட வேண்டும். 2007-இல் டியூக்-என்யுஎஸ் என்ற இரண்டாவது மருத்துவப் பள்ளி முதல் மாணவர்களைச் சேர்க்கும்வரை நாட்டுக்கே ஒரே மருத்துவப் பள்ளி. ஒரு நிபுணர் உருவாகப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். தப்பு தெரிவதற்குள் கணக்குப் போட்டவர் ஓய்வு பெற்றிருப்பார்!

சிராங்கூன் மாமா: சந்தையிடம் விட்ட லட்சணத்தையும் பார்த்தோமே! கூடிப் பேசி விலை வைப்பதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்துக்குப் பயந்து மருத்துவச் சங்கம் 2007-இல் டாக்டர் கட்டண வழிகாட்டியைக் கைவிட்டது. கடைசியில் 2018-இல் அமைச்சே கட்டண அளவுகோல் வெளியிட வேண்டியதாயிற்று. காப்புறுதியோடு கூடுதலாக வாங்கும் ரைடரும் அப்படித்தான். கைக்காசு ஒரு வெள்ளிகூடத் தர வேண்டாம் என்று விற்றார்கள். பில்லை யாரும் பார்க்கவில்லை, பிரீமியம் ஏறியது. புது ரைடரில் குறைந்தது 5 விழுக்காட்டை நோயாளி கட்ட வேண்டும் என்று அதே 2018-இல் அமைச்சுதான் கடிவாளம் போட்டது.

பழைய கணக்கர்: விலையில் தலையிடட்டும் மாமா, நான் மறுக்கவில்லை. எத்தனை பேர் நோயில் விழுவார்கள் என்று ஜோசியம் பார்ப்பதுதான் ஆகாது என்கிறேன்.

வார்டு ராணி: ஜோசியமோ கணக்கோ, இரண்டு பேருமே கட்டிலை மட்டும் எண்ணுகிறீர்கள். என் வார்டில் டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்று கையெழுத்துப் போட்ட பிறகும் படுத்திருப்பவர்கள் உண்டு. தாதிமை இல்லத்தில் இடம் கிடைத்திருக்காது, அல்லது பணிப்பெண் வந்து சேர்ந்திருக்க மாட்டார். அந்தக் கட்டில் காலியாகாமல் அவசரப் பிரிவில் இருப்பவர் மேலே வர முடியாது.

தெம்பனிஸ் குமரன்: அம்மா தேறிவிட்டார் அக்கா. நீங்கள் சொன்னதும்தான் புரிகிறது. வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பாட்டி சிவப்புப் பையைக் கட்டிக் காலடியில் வைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்திருந்தார். பணிப்பெண்ணுக்கு விமான டிக்கெட் இன்னும் போடவில்லையாம். சரி, அந்த டிக்கெட் எந்த அமைச்சின் திட்டத்தில் வருகிறது?